‘அடுத்த லோடு முடியட்டும்..!’ - குட்டி யானைகளைப் படுக்கவைக்கும் அந்த ஒரு வார்த்தை

ஆயுத பூஜை அன்று ஒரு குட்டி யானைக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. காலையிலேயே கழுவித் துடைத்து, முன் கண்ணாடிக்கு மேல் சந்தனம், குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். தெருவில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் பின்னால் ஏறிக்கொள்ள, ஊரை ஒரு சுற்று சுற்றி வரும். வருடத்தில் அந்த ஒரு நாள் லோடு கிடையாது. மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு மறுபடியும் சந்தை.

அதே வண்டியின் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து சர்வீஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு, மூன்று இலவச சர்வீஸ்களுக்கு சீல் இருக்கும். அதற்கப்புறம் பல வண்டிகளில் வெறும் வெள்ளைத் தாள்தான். பூஜை தவறாமல் நடக்கிறது, சர்வீஸ்தான் தவறிப்போகிறது.

டாடா ஏஸ் 2005-ம் ஆண்டு மே மாதம் சந்தைக்கு வந்தது. இரண்டே சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன் கொண்ட டீசல் இன்ஜின். தமிழ்நாட்டில் அது ‘சின்ன யானை’, ‘குட்டி யானை’ ஆனது. 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மஹிந்திராவின் பொலேரோ பிக்கப் ஊர் ஊராகப் பரவியது. இன்று காய்கறி, பூ, மீன், முட்டை, தண்ணீர் கேன், சிலிண்டர், செங்கல், மணல் மூட்டை, கல்யாண வீட்டுப் பந்தல் சாமான், வீடு மாறும்போது பீரோவும் கட்டிலும் எல்லாமே இந்த வண்டிகளில்தான் போகின்றன. ஓட்டுநரே முதலாளியாக இருக்கும் வண்டிகள் இவற்றில் ஏராளம். கம்பெனி வேலைக்குப் போக மனமில்லாத மகனுக்கு, அம்மாவின் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி வாங்கிக் கொடுத்த வண்டியாகவும் இருக்கலாம். அதனால்தான் ஒரு பிக்கப் வண்டியின் ஆயில் மாற்றுவது மெக்கானிக் விஷயம் மட்டுமல்ல, வீட்டு விஷயமும்கூட.

ஏன் தள்ளிப்போகிறது?

சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், கணக்கைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மாதம் பிறந்தால் இ.எம்.ஐ. வண்டியை ஒரு நாள் சர்வீஸுக்கு விட்டால் சர்வீஸ் செலவு ஒரு பக்கம், அன்றைய வாடகை நஷ்டம் இன்னொரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. தினமும் லோடு கொடுக்கும் கடைக்காரர், இன்று வண்டி வரவில்லை என்று வேறொரு வண்டியைக் கூப்பிடுவார். அந்த ஆள் ஐம்பது ரூபாய் குறைத்துக் கேட்டால், நாளையிலிருந்து அவர்தான் நிரந்தரம். இந்தப் பயத்தில்தான் ‘அடுத்த லோடு முடியட்டும், பார்த்துக்கலாம்’ என்ற வார்த்தை பிறக்கிறது. அடுத்த லோடு முடிந்ததும் அதற்கு அடுத்த லோடு வந்துவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தம் இல்லை, புகை இல்லை. நன்றாக ஓடும் வண்டிக்கு எதற்குச் செலவு என்று தோன்றுவது இயல்பு. ஆனால், ஆயில் கெட்டுப்போனால் அது சத்தம் போட்டுச் சொல்லாது. சத்தம் வரும்போது ஆயில் மாற்றும் கட்டம் தாண்டியிருக்கும்.

10,000 கி.மீ என்பது எத்தனை நாள்?

சர்வீஸ் இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் வண்டிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை அதன் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும். பக்கத்து வண்டிக்காரர் சொல்லும் கணக்கு உதவாது. ஓர் உதாரணத்துக்கு 10,000 கி.மீ என்று வைத்துக்கொள்வோம்.

ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி சென்னைக்கு வரும் வண்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு வழிக்கு சுமார் 450 கி.மீ. போய் வர 900. பதினோரு நடை போய்வந்தால் 10,000 கி.மீ தொட்டாயிற்று. இரண்டு நாளுக்கு ஒரு நடை என்றால், ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. ‘போன மாசம்தானே ஆயில் மாத்தினோம்’ என்று ஓட்டுநர் நினைப்பார். மாதக் கணக்கில் அது சரி, மீட்டர் கணக்கில் தவறு.

இதற்கு நேர்மாறானது ஊருக்குள்ளேயே ஓடும் வண்டி. தினம் 50 கி.மீ ஓடினால் 10,000 கி.மீ வர 200 நாள்கள் ஆகும். மீட்டர் குறைவாகக் காட்டுகிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. சிக்னலில் நின்று, சந்துக்குள் முதல் கியரில் ஊர்ந்து, கடை வாசலில் சரக்கு இறக்கும்வரை இன்ஜினை அணைக்காமல் நிறுத்திவைத்து... அந்த நேரமெல்லாம் ஓடோமீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது. ஆனால், இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆயில் தேய்ந்துகொண்டுதான் இருந்தது. அதனால்தான் சர்வீஸ் அட்டவணையில் ‘இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது’ என்று போட்டிருப்பார்கள்.

புழுதி, மலைப்பாதை, அதிக பாரம், அடிக்கடி நின்று கிளம்பும் ஓட்டம் ஆகியவற்றுக்கு இடைவெளியைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் குறிப்பும் பெரும்பாலான புத்தகங்களில் உண்டு. நம் ஊர் லோடு வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த நாலில் ஏதாவது ஒன்றில்தான் அடங்கும். செங்கல் சூளைக்கும் கல்குவாரிக்கும் போகும் வண்டியின் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பார்த்தாலே போதும், விஷயம் புரிந்துவிடும். அடைத்துக்கொண்ட ஃபில்டரோடு ஓடும் இன்ஜின் கறுப்புப் புகை தள்ளும், டீசல் குடிக்கும். கிழிந்த ஃபில்டர் இன்னும் மோசம். உள்ளே போகும் மண் துகள், சிலிண்டர் சுவரை உப்புத்தாள் போல் தேய்த்துவிடும்.

பழைய வண்டிப் பழக்கம்

முதலில் வந்த 702 சி.சி குட்டி யானையில் டர்போ கிடையாது. எளிமையான இன்ஜின். ஆயில் கொஞ்சம் தாமதமானாலும் பொறுத்துக்கொண்டு ஓடும். அதை ஓட்டிப் பழகிய கைகள்தான் இன்று டர்போ வைத்த காமன் ரெயில் பிக்கப்பை ஓட்டுகின்றன. வண்டி மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. பிரச்னை பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

டர்போவுக்குள் இருக்கும் சிறிய சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய ஆயில் படலம்தான். ஆயில் கரியேறிக் குழம்பாகிவிட்டால் முதலில் பட்டினி கிடப்பது அந்த இடம். ஷாஃப்ட் ஆட்டம் காணும், விசில் மாதிரி ஒரு சத்தம் வரும், நீலப் புகை வரும். டர்போவோடு நின்றால் அதிர்ஷ்டம். பேரிங் பிடித்து இன்ஜின் ஜாம் ஆனால், இன்ஜினை இறக்கித்தான் வேலை பார்க்க வேண்டும். சில ஆயிரங்களில் முடிந்திருக்க வேண்டிய செலவு, பல பத்தாயிரங்களில் போய் நிற்கும். அந்த வாரங்களில் வருமானமும் இருக்காது, இ.எம்.ஐ மட்டும் தேதி தவறாமல் வரும்.

இதில் காசே செலவாகாத ஒரு பராமரிப்பும் உண்டு. நீண்ட தூரம் வேகமாக ஓடி வந்த டர்போ வண்டியை, நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பி அணைக்கக் கூடாது. ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட வேண்டும். கொதிக்கும் சூட்டில் இருக்கும் டர்போவுக்கு ஆயில் வந்துகொண்டே இருந்தால்தான் அது ஆறும். சட்டென அணைத்தால் அங்கே தேங்கிய ஆயில் வெந்து கரியாகிவிடும். டீக்கடையைப் பார்த்ததும் இறங்கி ஓடும் அவசரத்தில் பல டர்போக்களின் ஆயுள் குறைகிறது.

ஆயிலிலும் எல்லாம் ஒன்றல்ல. 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ் 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி சைலன்சர் பாதையிலேயே இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும். டிரம்மில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ரக ஆயிலை ஊற்றினால், சாம்பல் போய் வடிகட்டியில் படியும். கரியையாவது எரித்துவிடலாம், சாம்பலை எரிக்க முடியாது. எந்தத் தரம் என்பது புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், ஆயில் கடையில் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

ரேடியேட்டரில் போர் தண்ணீர்

கோடை வெயிலில் நெடுஞ்சாலை ஓரம் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆவி பறக்க நிற்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு குடம் தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவசரத்துக்கு அது சரி. ஆனால், அதுவே வழக்கமாகிவிட்டால் வினை.

நம் மாவட்டங்கள் பலவற்றில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். வீட்டு வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகக் கெட்டித்துப்போய் ஒட்டியிருக்குமே, அதே படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும், இன்ஜினின் தண்ணீர்ப் பாதைகளிலும் ஒட்டும். குழாய் குறுகும், சூடு வெளியேறாது. சூடு ஏறினால் சிலிண்டர் ஹெட் வளையும், ஹெட் கேஸ்கெட் போகும். ஆயிலும் தண்ணீரும் கலந்து, ஆயில் டிப் ஸ்டிக்கில் பால் காபி நிறத்தில் தெரிந்தால் வண்டியை அப்படியே நிறுத்திவிட வேண்டியதுதான். ‘பட்டறை வரைக்கும் ஓட்டிடலாம்’ என்று கிளம்பினால் இன்ஜினே மிஞ்சாது.

கூலன்ட் என்பது கலர் தண்ணீர் அல்ல. அதன் கொதிநிலை தண்ணீரைவிட அதிகம். துருப் பிடிக்காமல் காக்கும் மருந்தும் அதில் இருக்கிறது. அந்த மருந்துக்கு ஆயுள் உண்டு, அதனால்தான் அதை மாற்றவும் அட்டவணை போட்டிருக்கிறார்கள். கலந்துகொள்ளும் ரகமாக இருந்தால் வடிகட்டிய தூய நீரில்தான் கலக்க வேண்டும். முக்கியமான ஒன்று: சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

கூடுதல் பட்டை, குறையும் பிரேக்

இந்த வண்டிகளைப் பற்றிப் பேசினால், பாரத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது. ஒன்றேகால் டன் ஏற்ற வேண்டிய வண்டியில் இரண்டு டன் ஏற்றுவது பல ஊர்களில் சாதாரணம். வாடகை பேசும்போதே ‘ஒரே நடையில் முடிச்சிடு’ என்பதுதான் நிபந்தனை. மறுத்தால் அடுத்த வண்டி தயாராக நிற்கும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் அபராதம். அபராதம் கேட்டுப் பயப்படுகிறவர்கள்கூட, பிரேக் விஷயத்தை யோசிப்பதில்லை.

பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்கிறது. அதற்கு ஊரறிந்த தீர்வு, பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை ஏற்றுவது. வண்டி நிமிர்ந்து நிற்கும். பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். ஆனால், பல பிக்கப்களில் பின் அச்சுக்கு மேலே ஒரு சிறிய வால்வு உண்டு. பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து, வண்டியில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று அது தெரிந்துகொள்ளும். பாரம் அதிகமானால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலி வண்டி என்றால், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமலிருக்க அழுத்தத்தைக் குறைக்கும்.

இப்போது கூடுதல் பட்டை ஏற்றிய வண்டியை நினைத்துப் பாருங்கள். இரண்டு டன் ஏற்றியும் பின்பக்கம் தாழவில்லை. வால்வு ‘பாரம் குறைவு’ என்று நினைத்துக்கொள்கிறது. பின் பிரேக்குக்கு அழுத்தம் குறைகிறது. பாரம் கூடியிருக்கிறது, பிரேக் குறைந்திருக்கிறது. முன் பிரேக் மட்டும் முழுச் சுமையையும் தாங்கி, சூடேறி, தேய்கிறது. பட்டை ஏற்றியவருக்கும் தெரியாது, ஓட்டுகிறவருக்கும் தெரியாது. இடையில் வந்த ஓட்டுநர் அந்த வால்வின் கம்பி துருப்பிடித்து நிற்பதை ஒருநாளும் குனிந்து பார்த்திருக்க மாட்டார். பிரேக் சர்வீஸ் என்றால் லைனிங் மாற்றுவது மட்டும்தான் என்று நினைத்தால் இது விடுபட்டுவிடும்.

பிரேக் ஆயில் இன்னொரு மறக்கப்பட்ட விஷயம். அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெதுவாக உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். சமவெளியில் ஓடும்வரை வித்தியாசம் தெரியாது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைச் சாலையில் 40. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கினால் 36. பலாப்பழமோ கேரட்டோ தேயிலையோ ஏற்றிக்கொண்டு இந்தச் சரிவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், சூடேறி அந்தப் பழைய ஆயில் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கிவிடும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. அதனால்தான் தேய்ந்த பிரேக்கைப் போலவே பழைய பிரேக் ஆயிலும் ஆபத்து. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பரவலான நடைமுறை.

மலையில் ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய லாரிக்காரர்களின் பாடம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு, இன்ஜினையும் அணைத்துவிட்டு இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காது. இரண்டு, மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டி என்றால் அதுவும் கனத்துவிடும். மிச்சமாகும் டீசல் எவ்வளவு இருக்கும்? ஒரு டீ காசு இருக்குமா?

இந்தப் பத்திகளைப் படிக்க வேண்டியவர்கள் ஓட்டுநர்கள் மட்டுமல்ல. காதுகுத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் களை எடுக்கவும் குட்டி யானையின் பின்னால் இருபது பேர் நின்றுகொண்டு போவதை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். ஏறுகிறவர்கள் யாரும் அந்த வண்டிக்குக் கடைசியாக எப்போது பிரேக் பார்த்தார்கள் என்று கேட்டுவிட்டு ஏறுவதில்லை.

மஞ்சள் விளக்கு எரிந்தால்...

புதிய வண்டிகளில் டேஷ்போர்டில் ஏகப்பட்ட விளக்குகள். ‘சென்சார் பிரச்னைதான், ஒன்றும் ஆகாது’ என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் ஆறுதல். சில விளக்குகள் அப்படி இருக்கலாம். டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்ததைக் காட்டும் விளக்கு அப்படி அல்ல. காமன் ரெயில் இன்ஜினில் டீசல் ஆயிரம் பாருக்கும் அதிகமான அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குப் போகிறது. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் துரு உண்டாக்கினால், இன்ஜெக்டர் செட் விலையைக் கேட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். ஃபில்டருக்கு அடியிலிருக்கும் திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடிக்க ஐந்து நிமிடம் போதும்.

கரி வடிகட்டியின் விளக்கு எரிந்தால், புத்தகத்தில் சொல்லியிருக்கும்படி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டினால் சேர்ந்த கரி எரிந்துவிடும். ஊருக்குள் மட்டுமே ஓடும் வண்டிகளில்தான் இந்த விளக்கு அதிகம் தொந்தரவு கொடுக்கும். சில மாடல்களில் யூரியா கரைசல் ஊற்ற வேண்டியிருக்கும். அது 32.5 சதவிகித யூரியாவும் தூய நீரும் சேர்ந்தது. அதில் குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சமாளிப்பது, பணம் கொடுத்து பம்பைக் கெடுப்பதற்குச் சமம்.

எங்கே விடுவது?

வாரன்ட்டி இருக்கும்வரை கேள்வியே இல்லை. கம்பெனி சர்வீஸ்தான். அட்டவணையில் ஒன்றைத் தவறவிட்டாலும், பின்னால் பெரிய பழுது வரும்போது அதைக் காரணம் காட்டி வாரன்ட்டியை மறுக்க வழியிருக்கிறது. பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாரன்ட்டி முடிந்த பிறகு ஊர் மெக்கானிக்கிடம் போவதில் தவறில்லை. வண்டியின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் கைகள் எல்லா ஊரிலும் உண்டு. இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் டூல்ஸ் பையோடு வந்து நிற்பவர்கள் அவர்கள்தான். ஆனால், வண்டி படுத்தால் போகும் இடமாக மட்டும் அந்தப் பட்டறையை வைத்திருந்தால் பயனில்லை. ஓடும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, பட்டியலைக் காட்டி, ‘இதையெல்லாம் பார்த்துக் கொடுங்க’ என்று கேட்க வேண்டும். ஸ்பிரிங் ஷாக்கிளுக்கும், கிராஸுக்கும், கிங் பின்னுக்கும் கிரீஸ் அடிப்பது, யூ போல்ட்டை முறுக்கிப் பார்ப்பது, ஃபேன் பெல்ட் வெடிப்பு, ரப்பர் ஹோஸ் உப்பல், கிளட்ச் பெடலின் ஆட்டம்... இதெல்லாம் கேட்டால்தான் நடக்கும் வேலைகள். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால், அதற்கான கிலோமீட்டரை வண்டிக் கதவின் உள்பக்கமே எழுதி ஒட்டிவிடலாம். அது அறுந்தால் முன்னறிவிப்பு தராது. பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும்.

உதிரி பாகத்தில் போலி அதிகம் புழங்குவது ஃபில்டர்களில்தான். அட்டைப்பெட்டி ஒரே மாதிரி இருக்கும். உள்ளே மடிப்புத் தாள் குறைவாகவும், ரப்பர் தரமில்லாமலும் இருக்கும். நூறு, இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் கதவு, பம்பர், கண்ணாடி என்று பழையது வாங்கலாம். பிரேக் பாகம் வேண்டாம்.

மீன் ஏற்றும் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் சேசிஸுக்குள்ளும், பிரேக் குழாய் மேலும் இறங்கி அரித்துக்கொண்டே இருக்கும். மேலே வாட்டர் வாஷ் செய்தால் போதாது. ஒவ்வொரு லோடுக்குப் பிறகும் அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவ வேண்டும். சி.என்.ஜி வண்டி வைத்திருப்பவர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டர் பரிசோதனையை மறக்கக் கூடாது.

எஃப்.சி-க்கு முந்தைய வாரம்

புது சரக்கு வண்டிக்கு எட்டு வருடம்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. அதற்குப் பிறகு வருடா வருடம். எஃப்.சி நெருங்கினால்தான் பல வண்டிகளுக்கு யோகம். டிங்கரிங், பெயின்ட், ஒளிரும் ஸ்டிக்கர், புது ஹெட்லைட் பல்ப். நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து கழற்றிக் கொடுக்கும் வேலையும் நடக்கிறது. அந்த டயர் இரண்டு மணி நேரம் ஆர்.டி.ஓ-வைக் காப்பாற்றலாம். மழையில் ஓடப்போவது தேய்ந்த டயர்தான்.

டயரின் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சிறிய மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், 1.6 மி.மீ மட்டுமே மிச்சம் என்று அர்த்தம். மாற்ற வேண்டிய நேரம் அது. பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும், கடைசி இரண்டு வருடத்தையும் சொல்லும். ‘புது ஸ்டெப்னி’ என்று விற்பவரிடம் அந்த எண்ணைப் பார்த்தால் உண்மை வயது தெரிந்துவிடும்.

எஃப்.சி காலாவதியான வண்டி விபத்தில் சிக்கினால், இன்ஷூரன்ஸ் தொகைக்காக நீதிமன்றப் படியேற வேண்டிய நிலை வரலாம். புகைச் சான்றிதழும் அதே ஃபைலில்தான் இருக்க வேண்டும்.

கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்

சரி, பணத்துக்கு என்ன செய்வது? சர்வீஸ் தேதி வரும்போது கையில் காசு இருப்பதில்லை என்பதுதானே அடிப்படைச் சிக்கல். ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு ரூபாய் எடுத்து வைப்பது எளிமையான வழி. 900 கி.மீ நடை முடிந்து வந்தால் வாடகையிலிருந்து 900 ரூபாய் தனி டப்பாவுக்குப் போய்விட வேண்டும். 10,000 கி.மீ வரும்போது 10,000 ரூபாய் தயாராக இருக்கும். ஆயில் சர்வீஸுக்குப் போக மீதி, டயருக்கும் பேட்டரிக்கும் சேரும். ஊருக்குள் ஓடும் வண்டிக்கு கிலோமீட்டர் குறைவு என்பதால், நாளுக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்வது பொருத்தம்.

இந்த டப்பா ஓட்டுநர் கையில் இருந்தால் நிலைப்பது கஷ்டம். வழியில் ஆயிரம் செலவு வரும். பால் கணக்கும், சீட்டுக் கணக்கும், பள்ளிக்கூட ஃபீஸும் யார் பார்க்கிறார்களோ, அவர்களிடமே கொடுத்துவிடுவது நல்லது. பெரும்பாலும் அது வீட்டம்மாதான். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, மீட்டர் ரீடிங், என்ன வேலை, எவ்வளவு ஆச்சு, அடுத்தது எந்த ரீடிங்கில். போன் வைத்திருக்கும் பிள்ளை, அந்த ரீடிங்கை நெருங்கும் நாளுக்கு ஒரு ரிமைண்டர் போட்டுவிடும். வண்டியை விற்கும் நாளில் இந்த நோட்டும் பில்களும் சேர்ந்து கூடுதல் விலை பேசித் தரும்; வாங்க வருகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். வீடு மாற்றும் சாமானும், கல்யாணச் சாமானும் ஏற்றும் வண்டிகளுக்கு ஆடியிலும் மார்கழியிலும் லோடு குறைவு. கிளட்ச், பிரேக், ஸ்பிரிங் என்று இரண்டு நாள் பிடிக்கும் வேலைகளை அப்போது வைத்துக்கொள்ளலாம். முட்டை, கறிக்கோழி ஏற்றுகிறவர்களுக்குப் புரட்டாசி. கிழக்குக் கடற்கரையில் மீன் ஏற்றுகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். உப்பு அரித்த சேசிஸைச் சுரண்டி பெயின்ட் அடிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. காய்கறி வண்டிகளுக்குத்தான் இப்படி ஓய்வு மாதம் எதுவும் இல்லை. அவர்கள் லோடு கொடுக்கும் மண்டிக்காரரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி, நம்பிக்கையான இன்னொரு வண்டிக்காரரோடு நாளை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். இன்று அவர் சர்வீஸுக்கு இவர் ஓட்டுவார், அடுத்த வாரம் இவர் சர்வீஸுக்கு அவர்.